சந்தா இசையும் சொந்தக் கோப்பும்
சிங்கப்பூரின் தேக்காவில் ரயிலேறிப் பொங்கோலில் இறங்குவதற்குள் விரும்பிய பாடலைத் தேடிக் கேட்டுவிடலாம் என்பதே இணையவழி இசைச் சந்தாச் சேவையின் பலம். ஆனால் பாடலின் உரிமையாளருடன் அச்சேவை செய்த உரிம ஒப்பந்தம் முடிந்தால், நாம் தவறாமல் பணம் கட்டியிருந்தாலும், அந்தப் பாடல் சேவையின் பட்டியலிலிருந்து மறைந்துவிடலாம்.

குறுந்தட்டிலிருந்து ஃபிளாக் வடிவில் எடுத்துவைத்த கோப்புக்கு அந்த அச்சமில்லை. வினாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட் என்று பதிவான ஒலியை அது சிறிதும் இழக்காமல் சுருக்கிவைக்கிறது. 320 கேபிபிஎஸ் (வினாடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 கோப்போ, காது எளிதில் உணராத நுணுக்கங்களைக் கழித்து, நிமிடத்துக்கு 2.4 மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. ரயில் இரைச்சலில் இந்த வேறுபாடு எனக்குப் புலப்பட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். புதுப் பாடல்களுக்குச் சந்தா போதும். பழைய நாகஸ்வரப் பதிவுகளை மட்டும் நான் அதனிடம் ஒப்படைப்பதில்லை.