ஜோடெரோவா, மெண்டலேயா? ரிவ்யூ அத்தியாயம் எழுதுபவர்களுக்கு

ஜோடெரோவும் மெண்டலேயும் படித்த கட்டுரைகளைச் சேமித்து வைக்கவும் மேற்கோள் காட்டவும் உதவும் மென்பொருள்கள். பிஎச்டிக்கான லிட்டரேச்சர் ரிவ்யூவை, அதாவது முந்தைய ஆய்வுகளை அலசும் அத்தியாயத்தை, நான் ஜோடெரோவில் வைத்துத்தான் முடித்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதே வேலையைச் செய்யும் எண்ட்நோட்டுக்குக் காசு கட்ட வேண்டும். பல்கலைக்கழகமே வாங்கித் தந்தால் சரி, இல்லாவிட்டால் ஆய்வு மாணவருக்குக் கட்டுப்படியாகாது. மற்ற இரண்டும் இலவசம். பிரவுசரில் ஒரு பட்டனை அழுத்தினால் கட்டுரை விவரம் வந்துவிடும், வேர்டில் மேற்கோளும் துணைநூற்பட்டியலும் தானாக அமையும். இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும் இடவசதியில் மெண்டலேதான் மேல். அது 2 ஜிபி தருகிறது, ஜோடெரோ 300 எம்பிதான். ஸ்கேன் செய்த பழைய நூல்கள் நாலைந்து போட்டாலே நிரம்பிவிடும். நான் பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு விவரங்களையும் குறிப்புகளையும் மட்டும் சிங்க் செய்கிறேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது குறிப்புகள்தான். கட்டுரைக்கு ஒரு பத்தி என்று சுருக்கம் எழுதி அடுக்கினால் அது ரிவ்யூ ஆகாது. ஒரே கேள்விக்கு யார் யார் என்ன சொன்னார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எதை யாரும் தொடவில்லை என்று காட்ட வேண்டும். அதற்குக் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்க முடிய வேண்டும். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து ஜோடெரோவுக்குள்ளேயே பிடிஎஃப் படிக்கலாம். நான் முறையியலுக்குப் பச்சை, முடிவுகளுக்கு மஞ்சள், எனக்கு உடன்பாடில்லாத இடங்களுக்குச் சிவப்பு என்று கோடிடுவேன். ஒரு கேள்வியைப் பற்றிய கட்டுரைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தால், கோடிட்ட வரிகள் எல்லாம் ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு ஒரே குறிப்பில் வந்து சேரும். அதை அப்படியே வேர்டுக்குள் கொண்டுபோகலாம், மேற்கோள்களும் ஜோடெரோவோடு இணைந்தே இருக்கும். என் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரைவே அப்படி உருவானதுதான்.

இந்தக் கோடுகள் பிடிஎஃப்பில் பதியாமல் ஜோடெரோவின் தரவுத்தளத்தில்தான் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு ஒருவருக்கு அனுப்பும்போது குறிப்புகளோடு எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள்.

பிஎச்டி நான்கைந்து வருட வேலை. அதுவரை மென்பொருள் நிலைக்க வேண்டும் இல்லையா? மெண்டலேயை 2013-இல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பக நிறுவனம் வாங்கியது. 2021-இல் மொபைல் செயலி நின்றது, 2022-இல் பழைய டெஸ்க்டாப் பதிப்பைத் தரவிறக்க முடியாமல் போயிற்று. ஜோடெரோ 2006-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறமூல மென்பொருள். லாபத்துக்காக நடத்தப்படுவது அல்ல.

குழுவாகச் சேர்ந்து எழுதும் வேலைக்கு இரண்டில் எது வசதி என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. ஏற்கெனவே மெண்டலேயில் இருப்பவர்கள் மாறுவது சுலபம்: ஜோடெரோவின் இம்போர்ட்டில் மெண்டலே கணக்கைக் கொடுத்தால் ஃபோல்டர்களும் கோடிட்ட இடங்களும் வந்துவிடும். அதற்கு முன் மெண்டலேயில் எல்லாம் சிங்க் ஆகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.