21,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாத சஸ்பென்ஷன் பட்டறை: டர்ட் பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுகிற டர்ட் பைக் வைத்திருப்பவர்களுக்கும், பழைய வண்டி ஒன்றை வாங்கலாமா என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. என் கையிலிருந்து 21,500 ரூபாய் போய்விட்டது. வண்டியை விற்றவர் ஏமாற்றவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஏமாற்றியது, பின்பக்கச் சத்தத்தைச் சரிசெய்து தருவதாகப் பணம் வாங்கிய பட்டறை. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிற விஷயம், பெயரை அங்கே எழுதிக்கொள்கிறேன். 'சஸ்பென்ஷன் வேலை மட்டும்', அதாவது குலுக்கலைத் தாங்கும் பாகங்களின் வேலை மட்டும், என்று பலகை மாட்டிக்கொண்டு, வீடியோக்களில் பந்தய வண்டிகளைக் காட்டிப் பேசுகிற வகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறிய பிறகு எழுதினால் நாகரிகமாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் இன்றே எழுதுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

வண்டி கவாசாகி கேஎல்எக்ஸ் 140ஜி. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. பதிவெண் கிடையாது, பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. ஓடுதளத்துக்கோ பட்டறைக்கோ குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறை "கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்று கடைக்காரர் சொல்லும்போதும் எனக்கு வாடகை தனி. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

விற்றவர் நேர்மையானவர் என்று சொன்னேன். "பின்னால் ஒரு சத்தம் வருகிறது தம்பி, அதற்காகத்தான் விலையைக் குறைத்திருக்கிறேன்" என்று அவரே சொன்னார். சக்கரம் தரையை விட்டு எழும்புகிற நொடியில் 'டக்' என்று ஓர் இரும்புச் சத்தம். சீட்டைக் கையால் அமுக்கினால் கிரீச். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. எந்த போல்ட்டை முடுக்கினாலும் அதன் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவைப்பார், தளர்ந்தால் உடனே தெரிய வேண்டும் என்று. பின்பக்கக் குலுக்கலைத் தாங்கும் ஷாக்கின் மேல் போல்ட்டிலும் அந்தக் கோடு இருந்தது. அந்த மஞ்சள் கோடுதான் பிறகு எனக்குச் சாட்சியாக வந்தது.

பட்டறை முதலாளி என்னை எப்படி நம்பவைத்தார் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டியைப் பார்த்தவுடன் விலை பேசியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். அவர் பேசவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நாலு முறை அமுக்கினார், ஆயில் கசியாமல் தடுக்கும் அதன் சீல்களை ஒரு துணியால் துடைத்துப் பார்த்தார். நான்தான், "ஃபோர்க்குக்கும் ஆயில் மாற்றிவிடலாமா அண்ணா?" என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. நன்றாக இருக்கிற பொருளுக்கு நான் காசு வாங்குவதில்லை. அடுத்த வருஷம் வாருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்கிறவர் எப்படிப் பொய் சொல்வார்? தூண்டிலில் புழு மாட்டுவது மாதிரி அந்த இரண்டாயிரம் ரூபாய் வேலையை வேண்டாம் என்றிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது.

பிறகு பின்பக்கம் வந்தார். குனிந்து ஷாக்கின் அடிப்பக்கம் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் கறுப்பாக எண்ணெய். "பார்த்தீர்களா, சீல் போய்விட்டது. உள்ளே இருக்கிற ஆயில் வெளியே வருகிறது, நைட்ரஜனும் இறங்கியிருக்கும். இப்படியே ஓட்டினால் ஷாக்கின் கம்பி, அந்த ஷாஃப்ட், கீறிவிடும். அப்புறம் புது ஷாக்தான், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இப்போதே பிரித்துச் சீல், ஆயில், புஷ் எல்லாம் மாற்றி, நைட்ரஜன் அடைத்துக் கொடுத்துவிடுகிறேன்." சீல் கிட் வரவழைக்க முன்பணம் 12,000. வேலை முடிந்ததும் 9,500. ஆக 21,500 ரூபாய். யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'சஸ்பென்ஷன் வேலை' என்று எழுதிக் கொடுத்தார். பாகங்களின் பட்டியல் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை.

வண்டி திரும்பி வந்த அன்று சத்தம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சீட்டை அமுக்கினால் வெண்ணெயாக இறங்கியது. அந்த வார ஞாயிறு ஓடுதளத்தில் முதல் சுற்று சுகமாகப் போனது. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இரண்டு மூன்று முறை இறங்கி ஏறியதும் கிரீச் திரும்பிவிட்டது. மதியத்துக்குள் அந்த 'டக்', முன்பைவிடப் பலமாக.

அன்று சாயங்காலமே அழைத்தேன். "புது சீல் தம்பி, பழக வேண்டும். இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள்." ஓட்டினேன். மறுபடி அழைத்தேன். "தண்ணீரில் இறக்கினீர்களா? அதுதான்." டர்ட் பைக்கைத் தண்ணீரிலும் சேற்றிலும் இறக்காமல் வரவேற்பறையில் நிறுத்திவைக்கவா வாங்கினேன்? அடுத்த முறை எடுத்தது கடைப் பையன்: "முதலாளி சென்னை போயிருக்கிறார் அண்ணா." அதற்கடுத்த முறை, "முதலாளி பந்தயத்துக்குப் போயிருக்கிறார்." பந்தயம் முடிந்து மனிதர் வீடியோ போட்டிருந்தார், என் அழைப்பை மட்டும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. கடைசியில் ஒரு குரல் செய்தி வந்தது: "அது செயின் சத்தம். ஷாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேண்டுமானால் கொண்டுவாருங்கள், பிரித்துப் பார்க்கக் கட்டணம் 1,500." ஷாக் சத்தம் என்று சொல்லித்தான் 21,500 வாங்கினார். இப்போது அது செயின் சத்தமாகிவிட்டதாம், அதைக் கேட்க இன்னும் 1,500 வேண்டுமாம்.

நண்பர் ஒருவர் சொல்லி, ஊருக்கு வெளியே சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பலகையும் இல்லை, வீடியோவும் இல்லை. அவர் செய்த முதல் காரியம், இன்ஜினுக்கு அடியில் மரப்பெட்டி வைத்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியது. பிறகு என்னைச் சக்கரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கி இறக்கச் சொன்னார். அவர் தன் விரலை ஒவ்வொரு இணைப்பின் மீதும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தார். ஷாக்கின் மேல் முனை, கீழ் முனை, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு. ஷாக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் லிங்கேஜ் என்ற இணைப்பில் விரல் வைத்ததும் நிறுத்தினார். "இங்கே கை வையுங்கள்" என்றார். ஸ்பிரிங் அசைவதற்கு முன்பே, விரலுக்கு அடியில் 'டக்' என்று இடித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு ஸ்பேனரைக்கூட அவர் இன்னும் கையில் எடுத்திருக்கவில்லை.

கழற்ற ஆரம்பித்தபோதுதான் மேல் போல்ட்டைக் காட்டினார். விற்றவர் இழுத்த மஞ்சள் கோடு போல்ட்டுக்கும் வண்டியின் சட்டகத்துக்கும் இடையே துளிகூட விலகாமல், அதன் மேல் பழைய சேறு காய்ந்து இறுகிப்போய் இருந்தது. அந்த போல்ட்டைக் கழற்றாமல் ஷாக்கை வெளியே எடுக்கவே முடியாது. நைட்ரஜன் அடைக்கும் வால்வின் மூடிக்குள்ளும் பழைய மண். ஷாஃப்ட் காய்ந்து பளபளவென்று இருந்தது, எண்ணெய்க் கசிவின் அடையாளமே இல்லை. அப்படியானால் அன்று விரலில் வந்த எண்ணெய்? செயினுக்கு அடித்த எண்ணெய் தெறித்து ஒட்டியிருந்தது. லிங்கேஜின் வெளிப்புறத்தில் மட்டும் புது வெள்ளை கிரீஸ் தெளிப்பு, உள்ளே போகாமல் மேலோடு. அதுதான் 21,500 ரூபாய்க்கு நடந்த வேலை. ஒரு டப்பாகூட முழுதாகச் செலவாகியிருக்காது.

லிங்கேஜ் போல்ட்டைத் தட்டி வெளியே எடுத்தபோது உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு. ஊசி பேரிங்கில் சில ஊசிகள் உடைந்தே போயிருந்தன. உள்ளே இருக்கும் குழலில் நகத்தால் தடவினாலே தெரிகிற அளவுக்குப் பள்ளம். பேரிங், சீல், குழல், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 3,400 ரூபாய். கழற்றிய பாகங்களைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, நான் கேட்காமலே கையில் கொடுத்தார். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது.

அவர் சொல்லித்தான் எனக்கு இந்த அமைப்பு புரிந்தது. பின்சக்கரத்தையும் ஷாக்கையும் இணைக்கும் சிறு நெம்புகோல்தான் லிங்கேஜ். சக்கரம் நீண்ட தூரம் மேலே போனாலும் ஷாக் அதில் ஒரு பங்குதான் அமுங்கும். பல வண்டிகளில் இரண்டரை, மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். அதனால் ஷாக்குக்குப் பக்கத்தில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், சக்கரத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டராகப் பெருகித் தெரியும். இந்த இணைப்புகள் சக்கரத்துக்கு முன்னால், சேறு வந்து அடிக்கிற இடத்திலேயே இருக்கின்றன. வாட்டர் வாஷ் போடுகிற இடங்களில் அழுத்தமான தண்ணீரை நேராக அங்கே பீய்ச்சும்போது சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகிறது, கிரீஸ் வெளியே வருகிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் யாரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஷாக்கே பழுதானால் அது சத்தத்தைவிட நடத்தையில்தான் தெரியுமாம். சீட்டை அமுக்கி விட்டால் ஒரே முறையில் எழுந்து நிற்காமல் துள்ளும், ஓட்டும்போது பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும், ஷாஃப்ட்டில் எண்ணெய் வழியும். என் வண்டியில் இதில் எதுவுமே இல்லை. சஸ்பென்ஷன் மட்டுமே பார்க்கிற கடைக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

படங்களை அனுப்பினேன். மஞ்சள் கோடு, மண் அடைத்த வால்வு, துருப்பிடித்த பேரிங், எல்லாம். இந்த முறை பதில் உடனே வந்தது: "வேறு இடத்தில் பிரித்துவிட்டீர்கள், இனி எங்கள் வாரண்டி செல்லாது." எந்த வாரண்டி? துண்டுச் சீட்டில் அப்படி ஒரு சொல்லே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஏதாவது எழுதினால் வழக்குப் போடுவேன்" என்றார். போடட்டும். மஞ்சள் கோட்டை நீதிபதிக்கும் காட்டுகிறேன்.

சத்தத்தைக் கண்டுபிடிப்பது பற்றி விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். எழுதுகிற மனநிலை இப்போது இல்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்காமல் 'ஷாக் போய்விட்டது' என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். மேலும் கீழும் ஆட்டினால் இடிப்பது லிங்கேஜ் அல்லது ஷாக்கின் முனைகள். பக்கவாட்டில் ஆடினால் சக்கர பேரிங்கையோ ஸ்விங் ஆர்ம் அச்சையோ பாருங்கள். சலசலப்பு என்றால் செயின் உரசும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகாது. வண்டியைக் கடையில் விடும் முன் போல்ட்டுகளில் பெயிண்டால் கோடு போட்டுப் படம் எடுத்துவிடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே, கழற்றிய பழைய சீல்களையும் பேரிங்கையும் கையில் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பாகங்களின் பெயர் எழுதிய பில் இல்லாமல் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்துவிட வேண்டும். இதே வகைக் கடையில் இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியே எழுதுங்கள், உங்கள் சீட்டையும் படங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மனுவுடன் சேர்க்க யுபிஐ ரசீதுகளை நகல் எடுக்கக் கிளம்புகிறேன்.