ப்ளீச் தெளித்து, புகை அடித்து, பெயிண்ட் பூசி, பத்து வருட கேரண்டி: பேஸ்மெண்ட் பூசணத்தில் நடக்கும் ஏமாற்று

ஒரு வீட்டின் பேஸ்மெண்டில், அதாவது நிலத்தடி அறையில், பூசணம் நீக்க ஆட்கள் வந்தார்கள். வேலை இரண்டே நாளில் முடிந்தது. முதல் நாள் சுவரெல்லாம் ப்ளீச் தெளித்து, மெஷின் வைத்து மருந்துப் புகை அடித்தார்கள். மறுநாள் ‘பூசணமே ஏறாது’ என்று டப்பாவைக் காட்டி வெள்ளை பெயிண்ட் பூசினார்கள். கையில் பத்து வருட கேரண்டி அட்டையும் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் அதே சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்தது. ஒரு கொப்பளத்தை நகத்தால் கீறினால் வெந்நீர் பட்ட தோல் மாதிரி உரிந்து வருகிறது. உரிந்த தோலின் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள், சுவரில் ஈரம். கூப்பிட்டுக் கேட்டால், “சுவரில் ஈரம் இருந்தால் கேரண்டி செல்லாது, அட்டையின் பின்பக்கம் படியுங்கள்” என்கிறார்கள். ஈரமே இல்லாத சுவரில் பூசணம் எப்படி வரும்? எந்த வீட்டுக்கும் செல்லாத கேரண்டி அது.

அந்த இரண்டு நாளில் யாருமே செய்யாத வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஈரப்பதமானி வைத்து ஒரு அளவுகூட எடுக்கவில்லை. கூலியைச் சதுர அடிக் கணக்கில் போட்டதால், சுவரில் பூத்திருந்த உப்பையும் ‘வெள்ளைப் பூசணம்’ என்று சேர்த்து அளந்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். உப்பு கரைந்துவிடும், பூசணம் கரையாது. விரலால் தேய்த்தால் உப்பு மணல் போலப் பொடியாகும், பூசணம் இழுபட்டு அப்பிக்கொள்ளும். உப்புப் பூத்திருக்கிறது என்றாலே சுவர் வழியாகத் தண்ணீர் நடமாடுகிறது என்று பொருள். அவர்கள் கவனித்திருக்க வேண்டியதே அதைத்தான்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்பதை யாரையும் கூப்பிடாமல் நீங்களே பார்க்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைத் துடைத்த சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் தாள் வேர்த்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். சில சுவர்களில் இரண்டும் இருக்கும். தரையிலும் இதே மாதிரி ஒரு தாள் ஒட்டிப் பாருங்கள்.

மண்ணிலிருந்து என்றால் மருந்து வீட்டுக்கு வெளியேதான். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டினால், அதைக் குறைந்தது 4 முதல் 6 அடி தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டைச் சுற்றிய தரை, சுவரிலிருந்து 10 அடிக்குள் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டைச் செய்ததுமே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். இதைவிட்டு உள்பக்கம் மட்டும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால், பின்னாலிருந்து தள்ளும் நீர் அதை உரித்துத்தான் போடும்.

காற்றிலிருந்து என்றால், ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்று அவர்கள் சொல்லிப்போன யோசனை வெயில் காலத்தில் நேர் எதிராக வேலை செய்யும். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், அந்தக் காற்று சுமார் 24 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கும். நிலத்தடிச் சுவர் 20 டிகிரியில் குளிர்ந்திருக்கும். ஜன்னலைத் திறப்பதும் சுவருக்குத் தண்ணீர் தெளிப்பதும் அன்றைக்கு ஒன்றுதான். மூடி வைத்து, காற்றின் ஈரத்தை இழுத்து வாளியில் சேர்க்கும் டீஹியூமிடிஃபையர் மெஷினை ஓட்டுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கட்டும், 60-ஐத் தாண்டவே கூடாது. வாளி நிரம்பினால் மெஷின் நின்றுவிடும், அதனால் ஹோஸ் மாட்டி நேரே வடிகாலில் விடுங்கள். குளிர்ந்த தண்ணீர்க் குழாய்களுக்கு ஃபோம் உறை போடுங்கள்.

இனி ப்ளீச். நுண்துளை உள்ள மரத்திலும் ஜிப்சம் பலகையிலும் குளோரின் மேலோடு நின்றுவிடுகிறது, அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. மேலே நிறம் வெளுத்ததும் போய்விட்டது என்று தோன்றும். செத்த பூசணமும் ஒவ்வாமை கிளப்பும் என்பதால் அதைக் கொல்வதோடு வேலை முடியாது, அகற்றியாக வேண்டும். புகை அடிப்பது எதையும் அகற்றுவதில்லை. கெட்டியான பரப்பை டிடர்ஜெண்ட் நீரில் தேய்த்துக் கழுவி உலர்த்தினால் போதும். பூசணம் ஏறிய ஜிப்சம் பலகை, கார்ப்பெட், பஞ்சு இன்சுலேஷன் மூன்றையும் வெட்டி, பாலித்தீன் பையில் கட்டி வெளியேற்ற வேண்டியதுதான். சுமார் 10 சதுர அடிக்குள் இருந்தால் N95 முகமூடி, கையுறை, காற்றுத் துளையில்லாத கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே செய்யலாம். ப்ளீச்சை அம்மோனியா கலந்த எந்தத் திரவத்தோடும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

பூசணம் 10 சதுர அடிக்கு மேல் போனால் ஆள் தேவை. வருபவர் வேலையிடத்தைப் பாலித்தீன் திரையால் அடைத்து, உள்காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைத்து, நுண்தூசையும் பிடிக்கும் ஃபில்டர் உள்ள ஹெப்பா வாக்குவம் போட்டு உறிஞ்ச வேண்டும். அந்த வீட்டில் திரையே கட்டவில்லை. சுவரைச் சுரண்டிய தூசு படிக்கட்டு வழியாக மாடி அறை வரை போய்ப் படிந்தது.

காற்றுச் சாம்பிள் எடுத்து ரிப்போர்ட் தருகிறோம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் பூசணத்துக்குப் பெரும்பாலும் அந்தச் சோதனை தேவையில்லை. தேவைப்பட்டாலும் சோதிப்பவரும் சுத்தம் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது.

ஈரத்தின் காரணம் என்ன, அதை நிறுத்த என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். சுவரை மறுபடி ஜிப்சம் பலகையால் மூடும் முன், அதைத் தாங்கும் மரச்சட்டத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மீட்டரோடு சுவரும் சேர்ந்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்திருந்து, ஒரு பெரிய மழை பெய்து ஓய்ந்த பிறகு பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.