தவணை 23ஆம் திகதி, விமானம் 9ஆம் திகதி

லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவில் மட்டக்களப்புக்குப் போய் வந்தேன். கலியாணவீடு, கோயில், கட்டித் தயிர் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அதை எழுத உட்காரவில்லை. நாலு நாள் என் நித்திரையைக் கெடுத்த ஒரு கோட்டுத் தவணையை, அதாவது வழக்குக்கு வரச் சொன்ன நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிழை என்னுடையது. மச்சானின் காரை எடுத்துக்கொண்டு கல்முனை வீதியால் போனேன். பொலிஸ் மறித்தது, லண்டன் லைசனை நீட்டினேன். வெளிநாட்டு லைசன் வைத்திருப்பவர் இங்கே வாகனம் ஓட்டுவதென்றால் அதற்குரிய அனுமதியை முதலில் எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. தபாற்கந்தோரில் தண்டப்பணம் கட்டி முடிக்கிற விசயம் இல்லை இது, கோட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். எழுத்தெல்லாம் சிங்களம். எனக்கு விளங்கியது இலக்கத்தில் இருந்த திகதி மட்டும்: 23. என் விமானம் 9ஆம் திகதி. 11ஆம் திகதி இரவு வேலை.

நான் வேலை செய்வது வயோதிபர் இல்லத்தில். இரவில் இரண்டு பேர்தான் நிற்போம். முறைப்பட்டியலை ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுவிடுவார்கள். நான் போகாவிட்டால் மற்றவர் தனியே நின்று எல்லாருக்கும் மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, விடியும் மட்டும் பார்க்க வேண்டும். சும்மா ஒரு நாள் லீவு சொல்லுகிற வேலை இல்லை அது.

வீட்டில் ஆளுக்கொரு கதை. "நீங்க பயணத்தப் போங்க, லோயர் பாத்துக்குவார்" என்றார் மச்சான். பெரியம்மா, "இன்னும் ரெண்டு கிழமை நிண்டு போ மனே" என்றா. மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று சொல்வது இதைத்தான். ஆனால் தவணைக்கு ஆள் வராவிட்டால் பிடியாணை பிறக்கலாம். அடுத்த வருசம் அம்மாவின் திவசத்துக்கு வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னை மறித்தால் என்ன செய்வது என்று நினைக்க நினைக்க நெஞ்சு படபடத்தது.

லண்டனிலும் ஒரு தடவை காரை வேகமாக ஓட்டி மாட்டியிருக்கிறேன். கடிதம் வீட்டுக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்ற பெட்டியில் அடையாளம் போட்டு 21 நாளுக்குள் அனுப்பினேன். ஒரு நீதவான் கடதாசியைப் பார்த்தே முடித்துவிட்டார். நான் ஒரு மணித்தியால வேலையையும் இழக்கவில்லை.

இங்கே நீதிமன்ற ஜன்னலுக்குக் காலை எட்டரைக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர். ஜன்னல் என் நெஞ்சளவுக்குத்தான் இருந்தது, குனிந்து கதைக்க வேண்டும். என் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வழக்கைப் பொலிஸ் இன்னும் தாக்கல் பண்ணல்ல, எங்களிட்ட ஒண்டும் இல்ல" என்றார். பொலிசுக்குப் போனேன். "அது தவணையன்று கோட்டுக்கு வரும், திகதி மாத்துறது அவங்கட வேலை" என்றார்கள். திரும்பவும் ஜன்னல், திரும்பவும் பொலிஸ். இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் வெயிலில் ஓட்டோவை விட்டு இறங்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரில் என் மொழி பேசுகிற மனிதர்களிடம்தானே கேட்கிறேன், ஏன் ஒருவரும் வழி சொல்கிறார்கள் இல்லை?

வழி சொன்னது ஜன்னலில் இருந்தவர் இல்லை. கோப்புகளை அணைத்துக்கொண்டு வெளியே வந்த ஒரு பிள்ளை. மூன்று நாளாக என்னைப் பார்த்திருக்கிறாள். "அண்ணன், திகதியப் பின்னுக்குப் போடக் கேக்காதீங்க. முன்னுக்கு எடுக்கச் சொல்லி மோஷன் போடுங்க. லோயர் மூலமாப் போட்டா, பொலிசும் வழக்கைத் தாக்கல் பண்ணுவாங்க" என்றாள். இந்த மோஷனைத்தான் பத்திரிகையில் நகர்த்தல் பத்திரம் என்று எத்தனை தரம் வாசித்திருக்கிறேன்! பெரிய அரசியல் வழக்குகளுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். என்னைப் போல ஒரு சின்ன வழக்குக்காரனும் போடலாம் என்பது தெரியாமல் போயிற்று.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. சட்டத்தரணி விமான டிக்கெட்டும் வேலை முறைப்பட்டியலும் கேட்டார். தொலைபேசியில் இருந்த இரண்டையும் முன்னால் இருந்த கொமினிகேசன் கடையில் பிரதி எடுத்தேன். பத்திரம் ஒரே பக்கம். "எதிரி தொழில் நிமித்தம் வெளிநாடு செல்ல வேண்டியுள்ளதால் மேற்படி வழக்கை முன்கூட்டியே அழைக்குமாறு கனம் நீதிமன்றத்தை வேண்டுகிறேன்" என்று இருந்தது. எதிரி என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. கோட்டு மொழியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான் எதிரி, என்னைத்தான் சொல்லியிருந்தது. ஒரு பிரதியை மச்சான் பொலிசுக்குக் கொண்டுபோய் கையெழுத்து வாங்கி வந்தார்.

7ஆம் திகதி அழைத்தார்கள். கூண்டில் நின்றேன். குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார்கள், தமிழில் ஒப்புக்கொண்டேன், நீதவான் தமிழில் தண்டம் விதித்தார். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றப் பதிவு மொழி தமிழ் என்பதைப் படித்துத்தான் இருந்தேன். லண்டனில் நம்மவர் வழக்கென்றால் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பார், அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே நீதவானின் முகத்தையே பார்த்துக் கேட்டேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்காது. தண்டம் லண்டனில் என் ஒரு நாள் சம்பளத்துக்கும் குறைவு.

திகதியை முன்னுக்கு எடுக்க மோஷன் போடலாம் என்பதை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்கு எத்தனை நேரம் எடுக்கும்? எனக்குப் பின்னால் நின்ற ஒரு தாய், மகன் கட்டாரில் வேலை, தவணைக்கு வர முடியாது என்று சொல்லி அழுதுகொண்டிருந்தா. அந்தப் பிள்ளை சொன்னதைச் சொல்லி, எங்கள் சட்டத்தரணியிடமே கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் காரை மச்சான்தான் ஓட்டினார். பக்கத்தில் 1924இல் திறந்த பழைய பாலம் தெரிந்தது. முன்பு அதால்தான் போவோம், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும் மட்டும் பஸ்ஸில் காத்திருந்து வாவியைப் பார்ப்போம். அப்போது அந்தக் காத்திருப்பு எனக்கு ஒரு கரைச்சலாகவே இருந்ததில்லை.

பணம் கட்டிய பற்றுச்சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு கட்டுநாயக்காவுக்குப் போனேன். ஒருவரும் கேட்கவில்லை. 11ஆம் திகதி இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போய்விட்டேன்.