ஷெட்யூலர் பேட்ச்: ஹேக்பெஞ்ச்சை நம்புவதா, எஸ்சிஎச்பெஞ்ச்சை நம்புவதா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், எந்த வேலை எப்போது சிபியுவில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது ஷெட்யூலர். அதை மாற்றும் பேட்ச் ஒன்று சேர்ந்துவிட்டால், ரிலீசுக்கு முன் சோதிக்க அதிக நாள் கிடைக்காது. புது மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ இரண்டு வாரம். அப்புறம் வாரத்துக்கு ஓர் ஆர்சி (ரிலீசுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்று ஏழு, மிஞ்சினால் எட்டு. 2023-ல் 6.6 கர்னலில் சிஎஃப்எஸ் என்ற பழைய ஷெட்யூலர் போய் ஈஈவிடிஎஃப் என்ற புதியது வந்ததே, அந்த அளவு பெரிய மாற்றத்துக்கும் இதே கெடுதான்.

எல்லோரும் முதலில் ஓட்டுவது ஹேக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவி. சும்மா ஓட்டினால் 10 குழுக்கள். குழுவுக்கு 20 புராசஸ்கள் (ஓடும் நிரல்கள்) அனுப்ப, 20 வாங்க, ஆக மொத்தம் 400. நூறு நூறு பைட்டாகச் செய்திகளை மாற்றி மாற்றித் தள்ளிவிட்டு, கடைசியில் எத்தனை நொடி ஆனது என்று ஒரே ஓர் எண்ணைத் துப்பும். தூங்கும் புராசஸை எழுப்பும் வழியில் பேட்ச் எதையாவது கெடுத்திருந்தால் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை சரி.

ஆனால் அந்த எண் மொத்த நேரம் மட்டுமே. யார் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தார்கள் என்பது அதில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இடைமறிப்பதைக் குறைத்துப் பாருங்கள்: கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறுவது) குறையும், ஹேக்பெஞ்ச் எண் அழகாகும், உங்கள் டெர்மினலோ தட்டியதற்கு நிதானமாகப் பதில் சொல்லும். ஹேக்பெஞ்ச்சை மட்டும் காட்டி 'பேட்ச் நல்லது' என்பவரை நான் நம்புவதில்லை.

எஸ்சிஎச்பெஞ்ச் அந்த இடத்தில்தான் உதவும். ஃபேஸ்புக்கில் இருந்தபோது கிறிஸ் மேசன் எழுதியது. அதில் மெசேஜ் த்ரெட்கள் வொர்க்கர் த்ரெட்களை எழுப்பும் (த்ரெட் என்பது புராசஸுக்குள் தனியாக ஓடும் இழை). எழுப்பியதிலிருந்து சிபியுவின் கோரில் ஏறும் வரை எவ்வளவு ஆனது என்று அளந்து, 50, 90, 99, 99.9 பெர்சன்டைல்களாகப் பிரித்துக் காட்டும்; 99 என்றால் நூற்றில் 99 தடவை காத்திருப்பு அந்த அளவுக்குள் இருந்தது என்று அர்த்தம். 50-ல் வித்தியாசமே தெரியாத பேட்ச் 99.9-ல் மாட்டிக்கொள்வது உண்டு. பயனர் எரிச்சலாவது, மிக அதிகம் தாமதமான அந்தச் சில தடவைகளில், அதாவது வாலில்தான். குறை என்னவென்றால், த்ரெட் எண்ணிக்கையை நாம்தான் பார்த்து வைக்க வேண்டும். கோர்களைவிட மிக அதிகமாக வைத்தால் ஷெட்யூலரை விட்டுவிட்டு வரிசையின் நீளத்தை அளந்துகொண்டிருப்போம். வால் எண்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் ஆடவும் செய்யும்.

தாமதத்தை அளக்கும் இன்னொரு கருவியான சைக்ளிக்டெஸ்ட்? சாதாரண வேலைகளை முந்தும் ரியல்-டைம் முன்னுரிமையோடு ஓட்டுவதுதான் வழக்கம். அப்போது அளக்கும் த்ரெட்டுக்கும் ஈஈவிடிஎஃப்புக்கும் சம்பந்தமே இல்லை. எண் எவ்வளவு நன்றாக வந்தாலும் உங்கள் பேட்சுக்குச் சான்றாகாது.

கர்னலின் மூல நிரலைக் கட்டும் கம்பைலைத் தனியாக ஓட்டினால் நேரம்தான் போகும். அதைப் பின்னணியில் போட்டுவிட்டு முன்னால் ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள், அது உருப்படியான சோதனை.

எந்தக் கருவியானாலும் 6.5-ஐயும் 6.6-ஐயும் ஒப்பிடாதீர்கள், இடையில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருக்கின்றன. ஒரே கர்னல், ஒரே கான்ஃபிக், பேட்சோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. சிபியுவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்'-ல் நிறுத்துங்கள். பேட்ச் இல்லாத கர்னலை அதோடேயே ஒருமுறை ஒப்பிட்டால் சத்தம் (எதையும் மாற்றாமலே எண் ஆடும் அளவு) எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது 3 சதவீதம் என்றால், 2 சதவீத முன்னேற்றத்தைப் பெருமையாக எழுதாதீர்கள்.

இத்தனைக்கும் தப்பியவை உண்டு. 6.6-ல் வந்த மாற்றத்தால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சுமையில் வேகம் குறைகிறது என்ற பேச்சு 2024-ல்தான் பெரிதாக எழுந்தது. ஈஈவிடிஎஃப்பில் உள்ள பிளேஸ் லேக், ரன் டு பேரிட்டி ஆகிய இரண்டு அமைப்புகளையும் அணைத்தால் வேகம் கூடியது. டேட்டாபேஸ் ஓட்டுகிறவர் ஆர்சி வாரங்களிலேயே தன் டேட்டாபேஸை அந்தக் கர்னலில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

என் வரிசை இதுதான்: ஆர்சி-1 வந்ததும் ஹேக்பெஞ்ச், பெரிய உடைசல் இல்லை என்று பார்க்க மட்டும். பிறகு எஸ்சிஎச்பெஞ்ச்சில் 99, 99.9. மிச்சமுள்ள வாரங்கள் முழுக்க உங்கள் சொந்த வேலைச்சுமை. வால் கெட்டிருந்தால் ஹேக்பெஞ்ச் எவ்வளவு வேகம் காட்டினாலும் அந்தப் பேட்சை அடுத்த ரிலீசுக்குத் தள்ளச் சொல்வேன்.