டெல்லி கணேஷ் ஓரத்தில் நிற்பார்: திருகோணமலையில் கசெட் மாற்றும் கடை

அநுராதபுரச் சந்திப் பக்கம் உள்ள பழைய ஸ்டூடியோ ஒன்றில் வீடியோ கசெட்டை பென் டிரைவுக்கு மாற்றித் தருகிறார்கள். வருவதில் முக்கால்வாசி கலியாண வீட்டுக் கசெட். ரிவியில் போனதை வீட்டில் பதிந்து வைத்த படம், நாடகம், தொடர் எல்லாவற்றையும் அதே கணக்கில்தான் செய்கிறார்கள். சிக்கல் அங்கேதான். கதாநாயகன் நடுவில் நிற்பான், எப்படி மாற்றினாலும் தப்பிவிடுவான். அடிபடுவது குணச்சித்திர நடிகர்கள்.

டெல்லி கணேஷையே எடுங்கள். இந்திய விமானப் படையில் பத்து வருடம், டெல்லியில் மேடை நாடகம், பிறகு பாலசந்தர் படத்தில் அறிமுகம். 2024 நவம்பரில் காலமாகும்வரை நானூறுக்கு மேற்பட்ட படங்கள், அவை தவிரத் தொடர்கள். ‘நாயகன்’ ஐயர் மாதிரி, இன்னொருவர் பேசும்போது பக்கத்தில் நின்று கண்ணால் பதில் சொல்வதுதான் பாதி நேரம் அவருடைய வேலை. அந்தப் பக்கத்தைத்தான் கடை வெட்டுகிறது.

காரணம் இதுதான். கசெட் படத்தின் அடியில் ஏழெட்டுக் கோடு எப்போதும் நெளியும். கசெட்டை ஓட்டும் டெக்கில், நாடாவைப் படிக்கும் ஹெட் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் இடம் அது. பழைய குண்டு ரிவி ஓரங்களை மறைத்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. கணினியில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெருப்பித்துவிடுகிறார்கள். நாலு பக்கமும் போய்விடும். “பெருப்பிக்க வேண்டாம், அடியில் கறுப்புப் பட்டி போடுங்கள்” என்று சொன்னால் மறுப்பதில்லை. சொல்லாவிட்டால் செய்யவும் மாட்டார்கள். அதோடு பழைய ரிவி அளவான 4:3 படத்தை அகல ரிவிக்கு இழுத்துவிடும் பழக்கமும் உண்டு. எல்லோரும் குட்டையாய்க் கொழுத்துப் போவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும் என்று ரசீதிலேயே எழுதுவியுங்கள்.

ஒலி அடுத்தது. ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தில் கணேஷ் நடித்த பாலக்காட்டு மணி ஐயர், கமலின் பேச்சு முடியுமுன் வெட்டிப் பேசுகிறவர். ஒலி கொஞ்சம் பிந்தினாலும் பகிடி செத்துப்போகும். பதியும்போது கணினி அங்கங்கே படச்சட்டத்தைத் தவறவிட்டால் பிந்தல் கூடிக்கொண்டே போகும். ஆகவே தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தைப் போடச் சொல்லி உதட்டைப் பாருங்கள். ஒற்றை ஒலி மட்டும் தரும் மோனோ டெக் என்றால் ஒலி இடப்பக்கம் மட்டும் வரும், இரண்டு பக்கமும் போடச் சொல்ல வேண்டும்.

‘பளிச்’ ஆக்கித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம். ‘பசி’ (1979) மாதிரிப் படத்தில் ரிக்‌ஷாக்காரத் தகப்பனாக அவர் இருட்டுக் குடிசைக்குள் இருக்கும்போது, வெளிச்ச-இருட்டு மாறுபாட்டைக் (கொன்ட்ராஸ்ட்) கூட்டினால் முகம் கரிக்கட்டையாகிவிடும். கை அசையும்போது சீப்புப் பல்போலக் கோடு விழுவது வேறு கோளாறு. சினிமாவில் அவ்வளவாகத் தெரியாது, வீடியோவில் எடுத்த தொடர்களில்தான் தெரியும். அதை நீக்கும் தெரிவு அவர்கள் மென்பொருளில் இருக்கிறது, கேட்டால் போடுகிறார்கள்.

கசெட் விஷயத்தில் இந்தக் கடை நம்பிக்கையானது. நம்முடைய கடற்காற்றுக்கும் மாரி மழைக்கும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்காத வீடு குறைவு. கண்ணாடிப் பக்கம் வெள்ளைத் தூள் தெரிந்தால் டெக்கில் போடாமல் திருப்பித் தருகிறார்கள். சரியான முடிவு, ஒரு கசெட்டின் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்தவருடைய கசெட்டையும் கெடுக்கும். நல்ல கசெட்டை ஒருதரம் முழுக்கச் சுற்றி, திரும்பச் சுற்றிவிட்டுத்தான் பதிகிறார்கள். முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தாவலை நீங்களே உடைத்துக் கொடுங்கள், தவறிப் பதிந்து அழிய வழியிராது.

மூன்று மணித்தியாலக் கசெட் மூன்று மணித்தியாலம் ஓடியே தீரும், டெக்கும் ஒன்றுதான். “நாளைக்கு வாங்கோ” என்றால் வாரக் கடைசி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கசெட் எண்ணிக்கையில் இல்லை, ஓடும் நேரத்துக்கு. வெற்று நாடாவுக்கும் சேர்த்துப் போடுவார்கள், எதுவரை பதிவு இருக்கிறது என்று குறித்துக் கொடுப்பது லாபம். வீடியோக் கோப்பை நொடிக்கு 5 மெகாபிட் தரத்தில் கேளுங்கள். மூன்று மணித்தியாலம் ஏறக்குறைய 6.75 ஜிபி வரும். FAT32 என்ற பழைய முறையில் வடிவமைத்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது என்பதால் இரண்டாக வெட்டுவார்கள். எங்கே வெட்டுவது என்பதை அவர்கள் கையில் விடாதீர்கள், வசனத்தின் நடுவிலேயே வெட்டிவிடுகிறார்கள்.