ஜெருசலேம் ரஸ்ஸூக் பச்சைக் கடை: என் மணிக்கட்டுச் சிலுவையும் ஆச்சியின் கையும்

ஜெருசலேம் பழைய நகரத்துக்குள் யோப்பா வாசல் வழியாக நுழைந்து கொஞ்ச தூரம் நடந்தால், புனித ஜார்ஜ் தெருவில் பச்சை குத்துகிற ஒரு சின்னக் கடை வரும். ரஸ்ஸூக் டாட்டூ. 2023 பிப்ரவரியில் அங்கேதான் என் வலது மணிக்கட்டின் உள்பக்கம் சிலுவை குத்திக்கொண்டேன். பச்சை நிற்கிறதா, மங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றே இத்தனை நாள் பொறுத்தேன். குத்தின வலி கால் மணி நேரத்தில் முடிந்துபோனது. ஊர் திரும்பியபின் சபையில் கிளம்பிய பேச்சு அடங்க ஒரு வருஷம் பிடித்தது. இதையும் சொன்னால்தான் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்காரி. முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சி.எஸ்.ஐ. சபை. தமிழக அரசு தரும் 37,000 ரூபாய் மானியம், கையிலிருந்த சேமிப்பு, மகன் அனுப்பிய பணம் எல்லாம் சேர்த்து ஜோர்தான், இஸ்ரேல், எகிப்து என்று பத்து நாள் பயணம் போனேன். எங்கள் ஊருக்கு எந்த ஊரின் பெயரை வைத்தார்களோ அந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பச்சை குத்துவது திட்டத்திலேயே இல்லை.

கூட வந்தவர்களில் மணப்பாட்டு அக்கா ஒருவர். கத்தோலிக்கர். பெத்லகேமில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருந்தபோது, தன் அம்மாவின் முன்கையில் சிலுவைப் பச்சை இருந்ததாகச் சொன்னார். "கடலுக்குப் போற வீட்டுல அது சகஜம்தான். எங்க சாமியார் யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. என் ஆச்சியின் கை நினைவுக்கு வந்துவிட்டது.

ஆச்சி பனங்காட்டு ஊரில் பிறந்தவள். சின்ன வயதில், சபையில் சேருவதற்கு முன்னால், தெருவில் வந்த குறத்தியிடம் குத்திக்கொண்ட பச்சை அது. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் சுருட்டிச் சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் குழைத்து, ஊசியில் தொட்டுக் குத்தினார்களாம். இடது கையில் முழங்கையிலிருந்து பாதி தூரத்துக்குப் புள்ளிக் கோலம். எனக்கு நினைவு தெரிந்தபோது அது நீலமும் பச்சையுமாகக் கசிந்து, சுருக்கங்களுக்குள் உடைந்து கிடந்தது. கோவிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகும்போதெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடிக்கொள்வாள். ஏன் ஆச்சி என்று கேட்டதற்கு, "அஞ்ஞானத்துல குத்தினது மக்கா, ஐயர் கண்ணுல படப்பிடாது" என்றாள். ஐயர் என்றால் எங்கள் பக்கத்தில் சபைப் போதகர். கடைசி வரைக்கும் அப்படித்தான் மூடினாள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

ரஸ்ஸூக் குடும்பம் எகிப்தின் பழைய சபையான கோப்து சபைக் கிறிஸ்தவர்கள். 1300ஆம் வருஷத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பதாகப் பெயர்ப்பலகையிலேயே போட்டிருக்கிறார்கள். இப்போது நடத்துகிற வாசீம் ரஸ்ஸூக் 27ஆவது தலைமுறை என்பது அவர்கள் கணக்கு. முன்னோர்கள் எகிப்தில் கோப்து மக்களுக்குக் குத்தினார்கள், பிறகு ஜெருசலேமுக்கு வந்து யாத்திரிகர்களுக்குக் குத்த ஆரம்பித்தார்கள். வாசீமின் தாத்தா காலத்தில் கார் பேட்டரியை வைத்து மெஷின் ஓட்டினார்களாம். அந்த நாட்டில் மின்சார மெஷினில் பச்சை குத்திய முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள்.

கடையில் பார்க்க வேண்டியது மர அச்சுகள். ஒலிவ மரக்கட்டையில் செதுக்கியவை, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. சில நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்தவையும் அதில் உண்டு. உயிர்த்தெழுதல், மாதா, வலுசர்ப்பத்தைக் குத்தும் புனித ஜார்ஜ், ஒரு பெரிய சிலுவையும் நாலு மூலைக்கு நாலு சின்னச் சிலுவையும் கொண்ட ஜெருசலேம் சிலுவை என்று வரிசையாக இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதுதான் என் கையில் இருப்பது. மர முறுக்கு உழக்கு பல வருஷம் புழங்கினால் விளிம்பெல்லாம் வழவழவென்று கறுத்துப்போகுமே, அதே கறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாத யாத்திரிகர்களும் இது வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டியிருப்பார்கள். அச்சில் மை தடவித் தோலில் ஒற்றி, அந்தக் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டுகிற முறை. சிலுவைக்குக் கீழே, யாத்திரை வந்த வருஷத்தையும் போட்டுக்கொள்வது பழைய வழக்கம்.

நர்ஸ் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊசிப் பாக்கெட்டை என் முன்னால் பிரித்தார்கள். புதுக் கையுறை. மை சின்னக் கிண்ணத்தில் எனக்கென்று தனியாக ஊற்றியது. தோலைச் சிரைத்து, துடைத்து, காய விட்டு அதன்பிறகே அச்சை வைத்தார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. முன்கூட்டியே சொன்னேன், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டார்கள். மணிக்கட்டின் உள்பக்கம் தோல் மெல்லிசு, நரம்பு மேலேயே ஓடும். எறும்பு வரிசையாகக் கடித்துக்கொண்டே போவது போல இருந்தது, கெட்ட வலி என்று சொல்ல மாட்டேன். மணப்பாட்டு அக்கா பக்கத்தில் நின்று ஜெபமாலை உருட்டினார். தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். அம்மா கையில் பார்த்ததே போதுமாம்.

விலை படத்தின் அளவைப் பொறுத்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நம் ஊர்க் கடைகளை நினைத்துக்கொண்டு போனால் அதிகமாகத்தான் தெரியும். எனக்கு அது வருத்தமில்லை. வருத்தம் நேரத்தைப் பற்றித்தான். எங்களை அழைத்துப்போன டிராவல்ஸ்காரர்கள் நினைவுப்பொருள் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், பழைய நகரத்தில் சுற்ற ஐம்பது நிமிஷம் கொடுத்தார்கள். கடையிலோ எங்களுக்கு முன்னால் ஆள் இருந்தது. அடுத்த ஆராதனைக்குப் பிந்தி ஓடினேன். குத்திக்கொள்ள நினைப்பவர்கள் கிளம்பும் முன்பே கடைக்கு எழுதி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், குழுத் தலைவரிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, நானே முதலில் யோசிக்காதது: மறுநாள் எங்களுக்குச் சாக்கடல். ஆறாத புண்ணோடு அந்த உப்புத் தண்ணீரில் இறங்கவே கூடாது. எல்லாரும் மிதந்து விளையாட, நான் கரையில் செருப்பைக் காத்துக்கொண்டிருந்தேன். அதனால் யோர்தான் நதியில் முழுக்கு, சாக்கடல் குளியல் எல்லாம் முடிந்தபின் ஜெருசலேம் வருகிற மாதிரிப் பயணத் திட்டம் இருந்தால் நல்லது. ரத்த தானம் செய்கிறவர்களும் கவனியுங்கள், நம் நாட்டு விதிப்படி பச்சை குத்தி 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது. ராணுவம், போலீஸ் என்று போக நினைக்கிற பிள்ளைகள் அந்தந்த ஆள்சேர்ப்பு விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அப்புறம் எகிப்து. கெய்ரோவில் மொகத்தம் மலைக் குகைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். குப்பை பொறுக்கிப் பிழைக்கிற கோப்து மக்கள் வாழும் பகுதியைத் தாண்டித்தான் போக வேண்டும். கோவில் படியில் கைப்பிள்ளையோடு ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். என் கட்டு அவிழ்ந்து, சிவந்து வீங்கிய சிலுவை தெரிந்தது. அவள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் வலது கையைத் திருப்பிக் காட்டினாள், அதே இடத்தில் சின்னச் சிலுவை. பிறகு பிள்ளையின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். ஒரு வயசுகூட இருக்காது. அந்தக் குட்டி மணிக்கட்டில், மடிப்புக்குச் சற்று மேலே, கடுகை நாலு பக்கம் இழுத்துவிட்ட மாதிரி ஒரு சிலுவை. பாஷை தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

எங்கள் வழிகாட்டி சொன்னார்: பெற்றோருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் பிள்ளை எந்தச் சபையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் குத்துகிறார்கள். கோவில் வாசலில் காவலுக்கு நிற்பவர்கள் மணிக்கட்டைப் பார்த்து உள்ளே விடுவதும் உண்டு. எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் நெற்றியிலேயே சிலுவை குத்துகிறார்கள். 2018இல் போப் பிரான்சிஸ் இளைஞர்களிடம் பேசும்போது, பச்சையைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று சொல்லி அந்த எரித்திரியர்களைத்தான் எடுத்துக்காட்டினார்.

ஊருக்கு வந்தேன். முதல் சண்டை தங்கச்சியோடு. அவள் கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டவள், பொட்டுத் தங்கம்கூடப் போட மாட்டாள். என் கையைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். லேவியராகமம் 19:28ஐ எடுத்து வாசித்தாள். நான் அந்த வசனத்தை முழுசாக வாசிக்கச் சொன்னேன். "செத்தவனுக்காக" என்றுதான் அது தொடங்குகிறது. செத்தவர்களுக்காக உடம்பைக் கீறுவதும் குறி குத்துவதும் சுற்றியிருந்த ஜனங்களின் வழக்கம், அதைச் செய்யாதே என்பது கட்டளை என்று நான் புரிந்துகொள்கிறேன். அதற்கு முந்தின வசனம் தாடி ஓரத்தைக் கத்தரிக்காதே என்கிறது. அதை நம் சபைகளில் யாரும் கைக்கொள்ளச் சொல்லவில்லை. "அக்கா, நீ பெரியவ, உன்கிட்ட வாதாட முடியாது. ஆனா என் மனசு ஒப்பல" என்றாள். அவள் மனசு ஒப்பாததை நான் மதிக்கிறேன். அவள் பயம் என்னைப் பற்றியது.

எங்கள் ஐயர் வேறு விதமாகச் சொன்னார். பவுல் தன் சரீரத்தில் தரித்திருப்பதாகச் சொன்ன அச்சடையாளங்கள் அடிபட்ட தழும்புகள், காசு கொடுத்துக் குத்திக்கொண்டவை இல்லை, அதனால் அந்த வசனத்தை இதற்குத் துணைக்கு எடுக்காதீர்கள் என்றார். அது நியாயம், எடுக்கவில்லை. ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவர், "வயசான காலத்தில் சினிமாக்காரி மாதிரி" என்று பின்னால் பேசியது வலித்தது. வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாலு பேர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி அவரவர் பச்சையைக் காட்டினார்கள். ஒருவனுக்கு அம்மா பெயர், ஒருவனுக்குச் சிலுவை. அந்தச் சிலுவைப் பையன் மூன்று வருஷமாக முழுக்கைச் சட்டையில்தான் ஆராதனைக்கு வருகிறானாம். ஆச்சியின் சேலைத் தலைப்பும் இவன் முழுக்கைச் சட்டையும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. இந்த மறைத்தல் நம் சபைகளில் போக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இன்னொரு விஷயமும் மனதை அறுக்கிறது. 1862இல், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய இங்கிலாந்து இளவரசர் ஜெருசலேமுக்கு வந்து இதே ஜெருசலேம் சிலுவையைக் கையில் குத்திக்கொண்டார். 1882இல் அவர் மகன் ஜார்ஜும் அங்கே குத்திக்கொண்டார். இவர்கள் இருவர் பெயரையும் சொல்லி அந்தக் காலத்தில் நம் கோவில்களில் ராஜாவுக்காக ஜெபம் பண்ணினார்கள். ஜெபித்தவர்களுக்கு நடுவில்தான் என் ஆச்சி கையை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றாள். ஆச்சியின் கோலம் சிலுவை இல்லைதான். ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக அழகுக்குக் குத்திக்கொண்டதற்கு அறுபது வருஷம் வெட்கப்பட வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது பச்சையின் நிலைமை: சிலுவைக் கோடுகள் நன்றாக நிற்கின்றன, கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. நாலு சின்னச் சிலுவைகளில் கட்டைவிரல் பக்கத்து ஒன்று கொஞ்சம் தடித்துவிட்டது. கீழே உள்ள 2023இல் கடைசி 3 லேசாகக் கசிந்திருக்கிறது. அந்த இடத்தில் தோல் மடிகிறது, பாத்திரம் கழுவுகிற கை வேறு. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொல்லியிருக்கலாம். ஆறும்போது பத்து நாள் தேங்காய் எண்ணெய்கூடத் தடவாமல், மிதமான சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்தேன், அவ்வளவுதான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைந்த அரை, கடையில் இடமும் நேரமும் போதாததற்கு.

திருவிருந்தில் நாங்கள் இடது கைமேல் வலது கையை விரித்து வைத்து அப்பம் வாங்குவோம். அப்படி வைத்தால் என் சிலுவை நேராக ஐயர் கண்ணில்தான் படும். திரும்பி வந்த முதல் மாதம் அவர் ஒரு வினாடி நின்றார். இப்போதெல்லாம் நிற்பதில்லை.